தூணில் சுற்றும் கார்பன் துணி: சான்றிதழ் மட்டும் போதுமா?

கேள்வி: சென்னை திருவான்மியூரில் 1996-ல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தும் இடம்; தூண்கள் மட்டுமே நிற்கின்றன. நிலநடுக்கத்தைத் தாங்க 14 தூண்களிலும் சில பீம்களிலும் கார்பன் ஃபைபர் துணி ஒட்டச் சொல்லியிருக்கிறார் பொறியாளர். ஒப்பந்ததாரரோ இழுவலிமை '4,900 மெகாபாஸ்கல்' என்று அச்சிட்ட சான்றிதழைக் காட்டி, தனிச் சோதனை வீண் செலவு என்கிறார். நம்பலாமா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் அருகே நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்து விழுந்தவற்றில் உங்களுடையதைப் போலக் கீழே தூண்கள் மட்டும் நின்ற கட்டடங்கள் பல. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893. அதற்கு அடுத்த ஆண்டு வந்த அதன் திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, அபாயம் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது.

சான்றிதழில் உள்ள 4,900 உலர்ந்த இழையின் வலிமை. துணியில் எபாக்சி என்னும் பசை ஊறி இறுகிய பிறகு, முழுத் தடிமனுக்கும் கணக்கிட்டால் பல தயாரிப்புகளில் அதன் கால்பங்கை ஒட்டித்தான் வரும். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். அதுவும் உங்கள் கட்டடத்தில், உங்கள் ஆட்கள் கலந்த எபாக்சியில் கிடைத்த எண்ணாக இருக்க வேண்டும்.

அதற்கு வழி எளிது. வேலை நடக்கும் நாளிலேயே, அதே துணியையும் அதே வாளியில் கலந்த எபாக்சியையும் கொண்டு ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் மாதிரித் தகடு போடச் சொல்லுங்கள். அதில் நீங்களே கையெழுத்திட்டு, என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கட்டணத்தைச் சங்கமே நேரடியாகக் கட்டட்டும். அறிக்கையும் நேராக உங்களுக்கே வரட்டும். டின்களின் பேட்ச் எண், காலாவதித் தேதி, எபாக்சியின் இரண்டு பாகங்களையும் தராசில் நிறுத்துக் கலக்கும் காட்சி மூன்றையும் படமெடுத்து வையுங்கள். கண்ணளவில் ஊற்றிக் கலந்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

பீம்களில் ஒட்டுதல்தான் உயிர். அங்கே இழுத்துப் பார்க்கும் சோதனை கட்டாயம்: துணியின் மேல் சிறு உலோக வில்லையை ஒட்டி, சுற்றிலும் அறுத்து, கருவியால் இழுப்பார்கள். வில்லையோடு கான்கிரீட்டும் பெயர்ந்து வந்தால் நல்லது, குறைந்தது 1.4 மெகாபாஸ்கலாவது தாங்கியிருக்க வேண்டும். கான்கிரீட் ஒட்டாமல் வழவழவென்று பசை மட்டும் வந்தால் ஒட்டும் முன் தளத்தைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். தூண்களில் மூலைகளை உருட்டியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை துணியை அறுக்கும். இறுகிய பின் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளென்று ஒலித்தால் அங்கே துணி ஒட்டவில்லை; அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கடற்கரைப் பகுதியில் 1996-ல் கட்டிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருவேறியிருக்க வாய்ப்பு அதிகம். துருவின் மேல் துணியைச் சுற்றினால், உள்ளே துரு வீங்கிக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டே இருக்கும். வெளியே எதுவும் தெரியாது. முதலில் கம்பியைச் சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்; அதன் பிறகே துணிக்கு ஆர்டர் கொடுங்கள்.

இத்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதி, கடைசித் தவணையைச் சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகே தருவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.