சி.டி.யில் பரவல் இல்லை என்று வந்த பிறகும் லேப்ராஸ்கோபி தேவையா?

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய், சி.டி.யில் எங்கும் பரவவில்லை என்று வந்துவிட்டது, அப்புறம் எதற்கு லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவால் உள்ளே பார்க்கும் சோதனை), காசு பிடுங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு இதே சோதனையைச் சொன்னபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

அம்மாவின் சி.டி.யில் கல்லீரல், நுரையீரல் எல்லாம் சரியாக இருந்தன. வயிற்றில் நீர் கோக்கவில்லை. பெட் ஸ்கேனில் இரைப்பைக் கட்டியே லேசாகத்தான் ஒளிர்ந்தது. "பார், நோய் கம்மிதான்" என்றார் மாமா. அறுவை மருத்துவருக்கோ அதுதான் கவலை. பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. அதை அதிகம் இழுக்கும் செல்கள்தான் படத்தில் பளிச்சென்று தெரியும். அம்மாவுக்கு பயாப்ஸியில் (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில்) வந்த சிக்னெட் ரிங் என்ற புற்றுச் செல் வகை பல சமயம் அதை அவ்வளவாக இழுக்காது. படம் மங்கலாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சி.டி.யின் சிக்கல் வேறு. இந்த நோய் வயிற்றின் உள்சவ்வில் ரவையைத் தூவியதுபோலப் பரவும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளிகள் பெரும்பாலும் சி.டி.யில் சிக்காது. லேப்ராஸ்கோபியில் சிறு துளை வழியாக கேமராவை விட்டு நேரிலேயே பார்க்கிறார்கள். உப்புநீரால் உள்ளே அலசி, அந்த நீரில் புற்றுச் செல் இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். அம்மாவுக்குக் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மருத்துவர் திரையில் காட்டினார். மஞ்சள் கொழுப்பின் மேல் தனியாகத் தெரிந்தன. பயாப்ஸியும் புற்று என்றே சொன்னது. இரைப்பையை எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டு கீமோ தொடங்கினார்கள். வயிற்றைப் பெரிதாகத் திறந்த பிறகு இது தெரிந்திருந்தால் அவள் பட்டிருக்கும் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. சி.டி. வீண் என்றும் சொல்லவில்லை, கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் அதுதான் முதலில். மிக ஆரம்ப நிலைக் கட்டிக்கு லேப்ராஸ்கோபி பொதுவாகத் தேவைப்படாது. அதனால் கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பயாப்ஸியில் என்ன வகை என்று கேளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அம்மாவுக்குப் பார்த்த மருத்துவமனையில் ஒவ்வொரு முடிவையும் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னார்கள். உடம்பு அவளுடையது, புத்தியும் தெளிவாக இருந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்கள் அப்பாவுக்கு விருப்பமிருந்தால் அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.