பழைய பெரிய எஸ்யூவியா, புதிய சின்ன எஸ்யூவியா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். கையில் உள்ள பணத்துக்குப் பத்து வருடப் பழைய பெரிய எஸ்யூவி ஒன்றும், இரண்டு வருடமே ஆன காம்பேக்ட் எஸ்யூவி ஒன்றும் கிடைக்கின்றன. பெரியது 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அதுதான் பாதுகாப்பு என்கிறார் புரோக்கர். எதை வாங்கலாம்?

பதில்: சின்னதை வாங்குங்கள்.

பெரிய வண்டி பழசானால் அதன் விலை இறங்கும், உதிரிபாகங்களின் விலை இறங்காது. டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், டர்போ எல்லாமே பெரிய வண்டிக்கான விலைதான். ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் வயதானாலே விறைத்து வெடிப்பு விடும். வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், குறைவாக ஓடியிருந்தாலும் வருடக் கணக்குப்படி அதை மாற்றியே ஆக வேண்டும். அறுந்துபோனால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே பாழாகும்.

பாதுகாப்பு? மோதலில் எடை கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் உயரமான வண்டி கவிழவும் எளிது. சறுக்காமல் பிடித்து அதைத் தடுக்க உதவும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும், அடிபடாமல் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்கும் அந்தப் பழைய மாடலில் உண்டா என்று புரோக்கரிடம் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்.

அந்த 70,000-ஐ அப்படியே நம்பாதீர்கள். ஓடோமீட்டரைக் குறைப்பது லேப்டாப் வைத்துச் செய்கிற சில நிமிட வேலை. பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் தைத்திருக்கும் துணி லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். அது வண்டியைவிடப் புதிதாக இருந்தால் பெல்ட் மாற்றப்பட்டிருக்கிறது, விபத்தாக இருக்கலாம். பார்க்கப் போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம். ஆறிய எஞ்சின் முதலில் கிளம்பும்போது விடும் நீலப்புகையும் கடகடப்பும் உங்களுக்குத் தெரியக் கூடாதே!

தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். விளக்கு, பிரேக், புகை பார்த்துத் தரும் காகிதம் அது. எஞ்சினை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சர்வீஸ் விவரம் ஒரு கணினியில், விபத்து விவரம் இன்னொரு கணினியில். பணம் போடுகிறவர் மட்டும் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். இதை ஒரே இடத்தில் காட்ட என்னதான் தடையோ!

ஒரே ஒரு விதிவிலக்கு: பாரமான டிரெய்லர் இழுப்பவர்கள். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை இழுப்பவர் அல்ல, அவர் அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாரா வாரம் இழுப்பவருக்கு லேடர் ஃபிரேம் என்ற ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி ஏற்றிய பெரிய வண்டிதான் சரி; சின்னதில் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்காது. அப்போதும் வண்டியை லிஃப்ட்டில் தூக்கி ஃபிரேமைத் தட்டிப் பாருங்கள். அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் மணத்தால், துருவை மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் டிரெய்லர் இல்லை.

சின்ன வண்டிக்கும் இதே சோதனைகள் உண்டு. அப்புறம், ஐந்து பேரும் ஏறிக் கதவைச் சாத்திப் பாருங்கள். பின் சீட்டு நடுவில் தோளுக்கு மேல் வரும் பெல்ட் இருக்க வேண்டும், இடுப்புக்கு மட்டும் என்றால் வேறு வண்டி பாருங்கள். மெக்கானிக்கை நீங்களே அழைத்துப் போங்கள், புரோக்கர் காட்டுகிறவர் வேண்டாம்.