களர் நிலத்தில் மரம் நடலாமா? குழியும் வடிகாலும் முதல் வேலை

கேள்வி: திருச்சி மாவட்டம் மணிகண்டம் பகுதியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உள்ளது. நெல் திட்டுத்திட்டாகக் கருகுகிறது. மழை பெய்தால் கலங்கிய நீர் நாள்கணக்கில் வடியாமல் நிற்கிறது. மரம் நட்டால் அது உப்பை உறிஞ்சி மண்ணைத் திருத்திவிடும் என்கிறார்கள். உண்மையா? எந்த மரம் நடலாம்?

பதில்: தாராளமாக நடலாம். ஆனால், மரம் உப்பை உறிஞ்சி எடுத்துவிடும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். இலையிலும் கட்டையிலும் சேரும் உப்பு, மண்ணில் உள்ளதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். வேர்கள் இறுகிய மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழி செய்கின்றன. அவை வெளிவிடும் கரியமில வாயு, மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. அந்தக் கால்சியம் களித்துகளில் ஒட்டியுள்ள சோடியத்தை விலக்க, மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. நீர் வெளியேற வழியில்லாத நிலத்தில் இந்த வேலை நடக்காது என்பதால், மர வகையைத் தேடும் முன் வடிகால் வெட்டுங்கள்.

உங்கள் நிலம் களரா (களித்துகளில் சோடியம் மிகுதியாக ஒட்டிய நிலம்), உவரா (நீரில் கரையும் உப்பு மிகுந்த நிலம்) என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி, காய்ந்த மண்கட்டி ஒன்றை அசைக்காமல் அதில் போடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாதிருந்தால் பெரும்பாலும் அது களர்தான். ஆழ்குழாய் நீரில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே கலங்கலை அடங்கச் செய்துவிடும். பிறகு மேல்மண்ணையும் மூன்றடி ஆழ மண்ணையும் தனித்தனியே ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கார அமில நிலையைக் காட்டும் பி.எச். 8.5-க்கு மேலும், பரிமாற்றச் சோடியம் (களித்துகளில் ஒட்டியுள்ள சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் களர். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டி, பி.எச். 8.5-க்குள் இருந்தால் உவர். களருக்கு இடும் ஜிப்சம் (கால்சியம் தரும் கனிமம்) உவர் நிலத்துக்கு வீண் செலவு, நல்ல நீர் கட்டி வடிப்பதே வழி.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் களரையே காட்டுகின்றன. இத்தகைய நிலங்களில் மூன்று, நான்கு அடிக்குள் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) இறுகிய படலம் இருப்பதுண்டு. சாதாரணக் குழியில் நட்ட கன்று ஓரிரு ஆண்டு செழித்து, வேர் அந்தப் படலத்தில் முட்டியதும் நுனியிலிருந்து காயத் தொடங்கும். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறை இதற்குப் பொருந்தும்: இயந்திரத் துளைப்பான் கொண்டு நான்கடிக்குக் குறையாமல் துளையிட்டுப் படலத்தை ஊடுருவி, எடுத்த மண்ணுடன் 3 முதல் 5 கிலோ ஜிப்சமும் 8 முதல் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். 12 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 300 குழிகள் வரும். ஆவணியில் குழிகளைத் தயார் செய்து, முதல் மழையில் அவை நன்றாக நனைந்து அமர்ந்த பின் நடுவதே நல்லது.

நீர் தேங்கும் தாழ்வான பகுதிக்கு ஏரிகளுக்குள்ளேயே வளரும் நாட்டுக் கருவேலும் நீர்மருதும் ஏற்றவை. மேட்டுப் பகுதியிலும் உயர்த்திய வரப்பிலும் சவுக்கு, புங்கம் நடலாம். களரின் கடுமை குறைந்த இடத்தில் நெல்லியும் இலந்தையும் வருமானம் தரும். கடுங்களரிலும் சீமைக்கருவேல் தழைக்கும் என்பது உண்மைதான். எனினும், அது பரவினால் பக்கத்து வயல்களையும் ஓடைகளையும் அடைத்துவிடும் என்பதால் நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மரவரிசைகளுக்கு இடையே பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

மாற்றம் மேல்மண்ணில்தான் முதலில் தெரியும். முழு நிலமும் திருந்தப் பத்தாண்டுக்கும் மேல் ஆகலாம். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காதீர்கள்.

கடைசியாக, பாசன நீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலன்ட்டுக்கு மேல் இருந்தால், அந்த நீரே நிலத்தை மறுபடி களராக்கும். அதை ஜிப்சம் நிரப்பிய தொட்டி வழியாகச் செலுத்திய பிறகே கன்றுகளுக்குப் பாய்ச்ச வேண்டும்.