முதல் கிறிஸ்துமஸ், வெறுமையான மனசு: பாம்பன் தம்பிக்குப் பதில்

தம்பி, "ஊரெல்லாம் விளக்கு, கடையெல்லாம் பாட்டு, எனக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வந்த மாதிரியே இல்லை, விசுவாசம் குறைஞ்சுபோச்சோ அண்ணே?" என்று டொராண்டோ வந்த முதல் டிசம்பரிலேயே கேட்டிருக்கிறாய். குறையவில்லை. பாலன் இயேசுவைத் தேடுகிறவனுக்குத்தான் அந்த விளக்கிலும் பாட்டிலும் அவர் இல்லாதது உறைக்கும்.

இங்கே நவம்பர் பிறந்ததுமே மால்களில் மரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பிளாக் ஃப்ரைடே என்று ஒரு தள்ளுபடி. டிசம்பர் 26 நமக்கு முதல் வேதசாட்சி புனித முடியப்பர் திருநாள். இங்கே பாக்சிங் டே தள்ளுபடி. வந்த பரிசைத் திருப்பிக் கொடுக்கவும் கூட்டம் நிற்கும். அதற்கென்றே விலை போடாத ரசீது ஒன்றைப் பரிசுப் பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தாவை சாண்டா என்கிறார்களே, அந்த நிக்கோலாஸ் மீரா நகரத்து ஆயர், நாலாம் நூற்றாண்டுக்காரர். சீதனத்துக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அவர் பெயரில்தான் மாலில் நாற்காலி போட்டு, பிள்ளைகளை மடியில் உட்காரவைத்துப் படமெடுத்துக் காசு வாங்குகிறார்கள்.

நம் பக்கத்து டிசம்பர் உனக்குத் தெரியும். வாடைக்காற்று, மழை, பல நாள் படகு இறங்காது, கையில் காசிருக்காது. எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது. மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். மண்டபம் ஊரில், யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, உயிரோடு மிஞ்சியவர்களோடு முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னாராம். பலகாரம் இல்லை, குடில் இல்லை. "அன்னைக்குத்தாண்டா பாலன் நம்ம கூட இருந்தாரு" என்று கடைசிவரை சொன்னார். (ஊரில் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் கடன் வாங்கித் துணியெடுக்கிறவர்கள் உண்டு.)

என்னைக் கேட்டால், இங்கே காணாமல் போனது காத்திருப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து நாலு ஞாயிறும் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றி, மனசைத் தயார் செய்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, அப்புறம்தானே நமக்குப் பெருநாள்? இவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்கி, 25 முடிந்ததும் மரத்தைத் தெருவில் போடுகிறார்கள். கோவில் கணக்கில் அன்றைக்குத்தான் தொடக்கம். ஜனவரி 1 வரை எட்டு நாள், அதற்கப்புறம் பாலனைப் பார்க்க வந்த மூவரசர் திருநாள்.

அதனால் 24 வரை அறையில் அலங்கார விளக்குப் போடாதே. வேலையிடத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கிற சீக்ரெட் சாண்டா என்று கூப்பிட்டால் சேர்ந்துகொள், அதில் பாவமில்லை. ஆனால் கிரெடிட் கார்டைத் தேய்த்து யாருக்கும் பரிசு வாங்காதே. இங்கே வரப் பட்ட கடனே உன் தலைமேல் இருக்கிறது. 24 ராத்திரி ஷிஃப்டுக்கு இப்போதே லீவு சொல்லிவை. ஸ்கார்பரோவில் தமிழ்ப் பூசை இருக்கிறது, நானே வந்து கூட்டிப்போகிறேன். 26-ம் தேதி தள்ளுபடிக்கு ஓடாமல் நம் வீட்டுக்கு வா. உன் அண்ணி அன்றைக்குத்தான் முறுக்கு சுடுவாள்.