சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான்

கேள்வி: பிரிட்டனில் மாணவர் விசாவில் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் மரம் நடும் குழுவோடு போகலாம் என்றிருக்கிறேன். காசு வாங்கப் போவதில்லை, அதனால் விசாவுக்குச் சிக்கல் வராதுதானே?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். முடிந்த நாளில் வந்து கைகொடுத்துவிட்டுப் போவது ஒரு வகை. இத்தனை மணிக்கு வர வேண்டும், இன்ன வேலையை முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்வது இன்னொரு வகை. பிரிட்டன் விதிகள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. இரண்டாவது வகை, சம்பளம் இல்லாவிட்டாலும், உங்கள் வேலை நேரக் கணக்கில் சேரும். விசாவில் வாரம் 20 மணி நேரம் என்று வரம்பு இருந்தால், கடையில் பகுதிநேரமாக 16 மணி நேரம் பார்ப்பவருக்கு மிச்சம் 4 மணிதான். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் உறவினரைக் கூட்டிப் போவதாக இருந்தால், பதிவு பெற்ற அறநிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரைதான் அனுமதி.

குழுவிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம் உண்டா? பயணச் செலவை ரசீதுப்படி தருகிறார்களா, மொத்தத் தொகையாகவா? அடிபட்டால் அவர்களுடைய காப்பீடு தன்னார்வலர்களுக்கும் பொருந்துமா? வேலைக்குப் பதிலாக இடமும் சாப்பாடும் தரும் ஏற்பாடுகளில் கூடுதல் கவனம் தேவை. பல நாடுகளில் அதுவும் ஊதியமாகவே கருதப்படும்.

கேள்வி: போன பருவத்தில் நட்ட கன்றுகளில் பாதி பட்டுப்போயின. தண்ணீர் போதவில்லையா?

பதில்: தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் தவறு நடும் நாளிலேயே நடந்துவிடுகிறது. மண் இல்லாத வெறும் வேர்க் கன்றுகளை வெயிலிலும் காற்றிலும் பரப்பி வைத்தால் மெல்லிய வேர்கள் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். குழி வெட்டிய பிறகுதான் கன்று பையை விட்டு வெளியே வர வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே புதைத்தால் பட்டை அழுகும். ஆழமில்லாத குழியில் வேரை மடக்கித் திணித்தால் மேல்நோக்கி வளைந்தே வளரும், மரம் பின்னாளில் சாயும். மண்ணைத் தள்ளியதும் குதிகாலால் மிதித்து இறுக்கி, கன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசைந்தால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி மிதிக்க வேண்டும்.

கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை அகற்றிவிட்டு மூடாக்குப் போடுங்கள், அதாவது காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவற்றால் மண்ணை மூடிவையுங்கள். அது தண்டைத் தொடக் கூடாது. இந்த வட்டத்தை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது புல்லில்லாமல் வைத்திருக்க வேண்டும். நடும் நாளில் நூறு பேர் வருகிறார்கள், களை எடுக்க ஐந்து பேர்கூட வருவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு குழுவில் உண்மையாகவே பயன்பட வேண்டுமென்றால், களை எடுக்கும் நாட்களுக்குப் பெயர் கொடுப்பதே நல்லது.

கேள்வி: உள்ளூர் மொழி அரைகுறைதான். மண்வெட்டி, கத்தி புழங்கும் இடத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். 'நில்', 'விலகு', 'பின்னால் ஆள்', 'விழுகிறது', 'அடிபட்டது' என்ற ஐந்தையும் அந்த மொழியில் காதால் கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள். கருவியை வீசுபவரிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள். சரிவில் நடக்கும்போது கருவி பள்ளப் பக்கக் கையில் இருக்க வேண்டும், வழுக்கினால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியும். மோட்டார் ரம்பத்தைப் பயிற்சிச் சான்று இல்லாமல் தொடாதீர்கள், யார் நீட்டினாலும் சரி. குளிர்நாட்டில் பருத்தி ஆடை வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைத்து உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ அணியுங்கள்.

கேள்வி: உண்ணி கடித்தால்?

பதில்: எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். கூர்முனை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த 30 நாளுக்குள் அங்கே சிவப்பு வட்டம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லியே மருத்துவரைப் பாருங்கள்.