கடலுக்கு நடுவே ஓர் 'இன்டர்ஸ்டேட்'!

கேள்வி: ஹொனலுலுவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாலையில் 'இன்டர்ஸ்டேட் எச்-1' என்று பலகை. பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவுக்கே 3,800 கிலோமீட்டர் கடல். அப்புறம் எதற்கு மாநிலங்களுக்கு இடையேயான சாலை, அதுவும் மத்திய அரசின் பணத்தில்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: மகள் வீட்டுக்குப் போனபோது அதே பலகையைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் முப்பது வருஷம் சாலை வேலையில் கிடந்தவனுக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஒரு சாலையைப் பார்த்தால் அது எங்கே போகிறது என்று நாங்கள் கேட்க மாட்டோம். என்.எச்.சா, எஸ்.எச்.சா, யூனியன் ரோடா, எந்தக் கணக்கில் பில் பாஸாகிறது என்றுதான் கேட்போம். 'இன்டர்ஸ்டேட்' என்பதும் அப்படி ஒரு கணக்குத் தலைப்புதான்.

1956-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டப்படி, அந்தச் சாலைகளின் செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. பணம் பெரும்பாலும் பெட்ரோல் வரியிலிருந்து வந்தது. 1959-ல் ஹொனலுலு இருக்கும் ஹவாய் மாநிலமானது. அங்கே பெட்ரோல் போடுகிறவரும் அதே வரியைத்தானே கட்டுகிறார்! திட்டம் பெருநிலப்பரப்புக்கு மட்டும் என்றிருந்த வரம்பை 1960-ல் நீக்கினார்கள். திட்டத்தின் முழுப்பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல்லும் உண்டு. எச்-1 கடற்படைத் தளம் இருக்கும் பேர்ல் துறைமுகத்தை ஒட்டிப் போகிறது. எச்-2 ஸ்கோஃபீல்டு ராணுவ முகாம் பக்கம் ஏறுகிறது. எச்-3 கனியோஹேயில் உள்ள மரைன் படைத்தளத்தில் முடிகிறது. எல்லாமே ஓஹூ என்ற ஒரே தீவில். இன்னொரு ஹவாய் தீவான மௌயியில் ஒன்றுகூட இல்லை.

இதில் எச்-3 தனிக்கதை. முதலில் மோனலுவா பள்ளத்தாக்கு வழியாகப் போட நினைத்தார்கள். எதிர்ப்பு, வழக்கு என்று இழுத்து, பாதை பக்கத்து ஹலாவா பள்ளத்தாக்குக்கு மாறியது. அங்கே எங்கள் புனித இடங்கள் இருக்கின்றன என்று பூர்வகுடி மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1986-ல் நாடாளுமன்றமே இந்தச் சாலைக்கென்று சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சட்டம் தடுத்தால் சட்டத்தை நகர்த்துவது என்ன நியாயம்? 1997 டிசம்பரில் திறந்தபோது செலவு 130 கோடி டாலர். நீளமோ சுமார் 25 கிலோமீட்டர்.

ஆனாலும் வேலையைக் குறை சொல்ல முடியாது. பள்ளத்தாக்கை மண் கொட்டி நிரப்பாமல், தூண் நிறுத்தி உயரத்திலேயே கொண்டு போயிருக்கிறார்கள். மகள் வண்டியில் போனபோது மலையைக் குடைந்த சுரங்கப் பாதைக்குள் நுழையும்வரை சுள்ளென்று வெயில். வெளியே வந்தால் சாரல், கீழே கனியோஹே விரிகுடா. செங்கோட்டையில் காய்ந்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் நனைவது போலத்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். அதே 1956-ல் நாமும் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் போட்டோம். ஒரு சாலையைத் தேசிய நெடுஞ்சாலை என்று மத்திய அரசு அறிவித்தால் போதும். அது மாநில எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. அந்தமானிலேயே என்.எச்.4 இருக்கிறது. பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் நீரிணை குறுக்கிட்டதும் வண்டியைப் படகில் ஏற்றுவார்கள். அக்கரையில் இறக்கினால் மறுபடியும் என்.எச்.4.