தகப்பனுக்குச் சிறுவயதில் போலியோ, பிள்ளைக்கு வருமா?

தங்கச்சி, மாமி சொன்னதைக் கேட்டு, சூம்பிய காலுள்ள கணவரிடம் கைக்குழந்தையைக் கொடுக்கப் பயம் என்று மல்லாவியிலிருந்து எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். போலியோ வைரஸ் வாய்வழியே போய்க் குடலில் பெருகி, சில கிழமைகள் மலத்தோடு வெளியேறும். அப்புறம் உடலை விட்டே போய்விடும். தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் அது முள்ளந்தண்டுக்குள் ஏறி, தசையை இயக்கும் நரம்புக் கலங்களைக் கொல்லும். செத்த கலம் திரும்ப முளைக்காது. கால் சூம்பியே இருப்பது அதனால்தான், கிருமி மிச்சமிருப்பதால் அல்ல. பரம்பரையாகவும் வராது. பாவம், அந்த மனிதர் பிள்ளையை ஆசைதீரத் தூக்கட்டும்!

இலங்கையில் கடைசி நோயாளி 1993இல். ஆனாலும் வெளிநாடுகளில் வைரஸ் இன்னும் உலாவுகிறது, 2, 4, 6 மாதச் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். கணவருக்கு அந்தக் காலில் புதிதாகச் சோர்வோ வலியோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.